தண்ணீர் ஊற்றாமல் இருப்பது

தடுப்பூசிக் குளிர்பெட்டியைத் திறந்து
காலை எட்டு மணி அளவை எழுதுகிறேன்: நாலு டிகிரி.
வெளியே வந்து
படியோரம் தொங்கும் இன்னொரு வெப்பமானியைப் பார்க்கிறேன்.
அங்கேயும் நாலு.
மார்கழியில் வால்பாறை முழுக்க ஒரே குளிர்பெட்டி.
யாரோ கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தேயிலைக்கு இது பழக்கம்.
புல்மேல் உப்புத் தூவினாற்போல் வெள்ளை,
ஒன்பது மணிக்கு ஒழுகிப்போகும்.
என் அடீனியங்களுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

பொள்ளாச்சி நர்சரியில் வாங்கினேன்,
ஐந்து தொட்டி, தலா நூற்றியெண்பது.
'எங்கீங்க வெக்கப் போறீங்க?' என்றான் கடைப்பையன்.
சொன்னேன்.
பணத்தைத் திருப்பித் தரட்டுமா என்பதுபோல் பார்த்தான்.
அரேபியாவில் எங்கோ பாறை இடுக்கில்
குடம்போல் வயிறு வைத்து
கிடைத்த மழையை உள்ளேயே பூட்டி வாழ்கிற செடி.
அதை நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏற்றி
இந்த ஈரத்தில் இறக்கினேன்.
வழியில் வாந்தி எடுத்தது
நான்தான்.

கார்த்திகை முடிவதற்குள் இலை மஞ்சளாகி
ஐந்தும் மொட்டை.

நான் மருந்தாளுநர். அளவு தெரியும் எனக்கு:
ஐந்து மில்லி, பத்து மில்லி, சாப்பாட்டுக்குப் பின்.
உறங்கும் அடீனியத்துக்கு அளவு பூஜ்யம்.
எழுபது நாளைக்குப் பூஜ்யம்.
இரக்கம் வந்தால்
கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

தேயிலை ஆலையில் டிரையர் ஓட்டும் நாச்சிமுத்து
அடுப்புச் சுவரோரம் இடம் தந்தார்,
விறகுக்குப் பின்னால்,
பனியும் நுழையாத, வெயிலும் நுழையாத மூலை.
'ஏனுங் மேடம், வெறுங்கட்டையப் போயி
சாக்குச் சுத்திக் கொண்டாறீங்களே' என்றார்.
தண்ணீர் மட்டும் வேண்டாம் என்றேன்.
சரீங்க என்றார்.

தை நோம்பி முடிந்து போய்ப் பார்த்தேன்.
கட்டைவிரலால் அழுத்த வேண்டும்.
தேங்காய்போல் எதிர்த்தால் உயிர்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
தேங்காய்.
ஐந்தாவது
பழுத்த சப்போட்டாவாக உள்ளே வாங்கியது.

நாச்சிமுத்து விறகை எண்ணிக்கொண்டிருந்தார்.
எண்ணி முடித்தும் எண்ணினார்.
'ராத்திரி ஷிஃப்டுல என்னையே பாத்துட்டு இருந்துச்சுங்.
டம்ளர்ல மிச்சமிருந்த டீயை
தினமும் கொஞ்சூண்டு...'
பிறகு, அதுவே தன் தரப்பு வாதம்போல்,
'சர்க்கரை போடலீங்.'

ஆஸ்பத்திரி மேசையில் செய்தித்தாள் விரித்தேன்.
இருபத்திரண்டாம் நம்பர் பிளேடு.
ஒரு சீவல், ஸ்பிரிட்டில் துடைப்பு, இன்னொரு சீவல்.
பழுப்பு, பழுப்பு, பழுப்பு,
அப்புறம் முள்ளங்கி வெள்ளை.
பாதி வயிறு போய்விட்டது.
கதவுக்கு வெளியே அவர்
தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி
சொந்தக்காரர் யாரையோ உள்ளே விட்டவர்போல் நின்றார்.
கட்டுப் போட மாட்டீங்களா என்றார்.
மாட்டேன், காயம் காற்றாட வேண்டும்.

அதிலிருந்து ஷிஃப்டு முடிந்தால் ஒரு எட்டு வந்துவிடுவார்,
மாத்திரை வாங்கும் வரிசையிலேயே நின்று.
'எப்படிங் இருக்குது?'
'இன்னும் சொல்ல முடியாதுங்க.'
பின்னால் நிற்பவர்கள் யாருக்கு என்ன சீக்கென்று
கவலையோடு விசாரித்தார்கள்.

மாசிக் கடைசியில் நான்கிலும்
நெல்மணி அளவு பச்சை நுனி.
ஐந்தாவது காய்ந்த மணலில் சாய்ந்து கிடந்தது.
நகத்தால் தோலைக் கீறினேன். அடியில் பச்சை.
அதற்கு மேல் அது எதுவும் வாக்குத் தரவில்லை.

பங்குனியில் வெளியே வைத்தோம்.
முதல் நாள் ஒரு மணி நேர வெயில், மறுநாள் இரண்டு.
ஆனியில் மழை பிடித்தால் மறுபடி உள்ளே.
இந்த ஊரில் குளிர்காலம் இரண்டு,
ஒன்று வெள்ளை, ஒன்று ஈரம்.

'இப்ப ஊத்தலாங்களா?'
அரை டம்ளர், என்றேன். தண்ணீர்.
மருந்து ஊற்றுகிறவரைப்போல்
கண்ணுக்கு நேரே தூக்கி அளவு பார்த்து
ஒவ்வொன்றாக ஊற்றினார்.
மண் குடிக்கும் சத்தம் கேட்டது.

ஐந்தாவதன் முன்
டம்ளரோடு கொஞ்ச நேரம் நின்றார்.
நான் எதுவும் சொல்லவில்லை.
மிச்சத்தைத் தானே குடித்துவிட்டு
நகர்ந்தார்.